மலையின் நிறம் எனக்கு எப்படித் தெரியும்

மொன்றியல்
9 நவம்பர் 2003

தம்பி வசி,

உன்னுடைய பார்சல் வந்து சேர்ந்தது. பிலிம் ரோலை ஒரு காலுறைக்குள் சுற்றி அனுப்பியிருக்கிறாய். அது தோய்த்த காலுறைதானா என்பதை அடுத்த கடிதத்தில் எழுதவும்.

ஃபோன் எடுக்காமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். நான் கீழே ரிசீவரைத் தூக்கினால் அப்பா மேல் அறையில் மற்ற ரிசீவரைத் தூக்கிவிடுவார். பேசமாட்டார், மூச்சு மட்டும் கேட்கும். போன மாதம் நீ கௌரியின் பெயரைச் சொன்னபோது அந்த மூச்சும் கேட்காமல் போனது. அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஆகவே இனிக் கடிதம்தான்.

ரோலை வேலையிடத்து லாப்பில் நானே கழுவினேன். முப்பத்தாறு படம். அதில் முப்பத்திரண்டு அந்த மலை. கலியாணம் பேச ஒரு பெண்ணின் படம் அனுப்பு என்றால், மலைக்குக் கலியாணம் பேசுகிறவன் மாதிரி அனுப்பியிருக்கிறாய். மிச்சம் நாலில் ஒன்றில் கௌரி கண்ணை மூடியிருக்கிறாள். இரண்டில் பஸ் ஓட்டுகிற தொப்பி மூக்குவரை இறங்கியிருக்கிறது. ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதிலும் முகத்தில் நிழல் விழ நிற்க வைத்திருக்கிறாய். படமெடுக்க உனக்கு ஆர் பழக்கினது?

அந்த ஒன்றைப் பெரிதாக அடித்தேன். கொஞ்சம் கை வைத்துத்தான் அடித்தேன். பதின்மூன்று வருசமாக இதே வேலை செய்கிறேன், எதற்கு எவ்வளவு என்று தெரியும். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "பிள்ளை நல்ல நிறம். எனக்கு ஒண்டும் சொல்ல இல்லை" என்றார். இதற்காகத்தானே இவ்வளவு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கே புரோசார்ட்டில் இருக்கிற சித்தப்பாவுக்கும் ரொறன்ரோவுக்கும் ஃபோன் அடித்துச் சொல்லிவிட்டார். படம் இப்போது சட்டம் போட்டு ரீவிக்கு மேலே இருக்கிறது.

கோயிலில் மே 2 ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறோம். நீங்கள் இரண்டு பேரும் ஏப்ரல் 24 வந்து இறங்கினால் போதும். இதனுடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். கௌரியிடம் கொடு, சந்தோசப்படுவாள்.

அன்புடன்
அக்கா சிவாஜினி

*

யுலாரா
28 நவம்பர் 2003

அக்கா,

காலுறை தோய்த்ததுதான்.

உங்கள் கடித உறையைச் சாப்பாட்டு மண்டபத்தில் கௌரிக்கு முன்னால் வைத்துப் பிரித்தேன். அது என் புத்தி. அவள் படத்தைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "ஆர் இது?" என்று கேட்டாள். பகிடிக்குக் கேட்கவில்லை அக்கா. அவளுடைய சட்டையை அவளே அடையாளம் கண்ட பிறகுதான் முகத்தைக் கண்டுபிடித்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

படத்தை எனக்கு ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். மாலை ஆறரை மணிக்கு அடுப்புத் தணல் போல நின்ற மலை, உங்கள் கையில் பட்டதும் பால் கூடின தேத்தண்ணியாகப் போயிருக்கிறது. வானம் வெள்ளைச் சீலை. அவளுடைய முகத்தில் மூக்கு இருக்கிற இடம் தெரியவில்லை. மூக்குத்தி இருப்பதால் அங்கே மூக்கும் இருக்கவேண்டும் என்று ஊகிக்கலாம். ஒரு பெட்டையின் கன்னத்தை வெளுக்கப் பண்ண ஒரு மலையையே வெளுக்கப் பண்ணியிருக்கிறீர்கள்.

அந்த மலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். அதற்கு உலுரு என்று பெயர். இந்த மண்ணின் சொந்தக்காரர்களான ஆதிக்குடிகள் வைத்த பெயர். அவர்களுக்கு அது கோயில். சில பக்கங்களைப் படமெடுக்கக்கூடாது என்று பலகை இருக்கும், நான் எடுக்கவில்லை. நான் சமைக்கிற ஹோட்டலின் பின்கதவால் பார்த்தால் தூரத்தில் ஒரு கட்டை கிடப்பது மாதிரித் தெரியும். விடிய ஐந்தரைக்கு நான் வெங்காயம் வெட்டத் தொடங்கும்போது சாம்பல். சூரியன் வந்து பத்து நிமிசத்தில் ரோசா, பிறகு செம்மஞ்சள். மத்தியானம் பார்த்தால் ஒன்றுமில்லாத மண்கட்டி, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று நினைப்பீர்கள். பின்னேரம் சூரியன் சாயச் சாயச் சிவந்துகொண்டே போய், கடைசி இரண்டு மூன்று நிமிசம் உள்ளுக்குள் விளக்கு எரிகிறது என்று சத்தியம் பண்ணலாம். பிறகு ஊதா. பிறகு இருட்டு.

கௌரி பஸ்ஸில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் அதைக் காட்டுகிறவள். மேகம் மூடின நாளில் மலை சிவக்காது. அன்றைக்குச் சனம் அவளைத்தான் ஏசும். போஸ்ட் கார்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த நிறம் எங்கே, எப்போது வரும் என்று கேட்பார்கள். "அது என்ன நிறத்தில நிக்கவேணும் எண்டு நான் சொல்லேலாது" என்று அவள் இங்கிலிசில் சிரித்துக்கொண்டே சொல்வாள். டார்வினில் பிறந்து வளர்ந்தவள், ஒருவருக்கும் பயப்படமாட்டாள். ஆனால் அன்றைக்கு உங்கள் படத்தைப் பார்த்தபோது அவளும் அந்தச் சனத்தின் முன்னால் நிற்கிறவள் மாதிரித்தான் நின்றாள். போஸ்ட் கார்ட் உங்கள் கையில் இருக்கிறது.

இதனுடன் இன்னொரு ரோல். ஒரே இடம், ஒரே கௌரி, எட்டு நேரம். இதை ஒன்றும் செய்யாமல் அடித்து அப்பாவுக்குக் காட்டுங்கள். முதல் படம் பிழை என்று சொல்லுங்கள். அவர் ஓம் என்று சொன்னது கௌரிக்கு அல்ல. ரீவிக்கு மேல் இருக்கிற அந்த ஆளுக்கு.

வசீகரன்

*

மொன்றியல்
20 டிசம்பர் 2003

வசி,

உன் கடிதத்தை வேலைக்குப் போகிற மெட்ரோவில் வாசித்தேன். இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு ஸ்டேசன் தாண்டிப் போனேன். வெளியே சுழன்றடிக்கிற பனியில் திரும்பி நடந்து, பதினைந்து நிமிசம் பிந்தி வந்ததற்கு லாப்பை மேற்பார்க்கிற வின்சன்டிடம் பேச்சும் வாங்கினேன். இப்போது உனக்குத் திருப்திதானே.

உன் எட்டுப் படத்தையும் ஒன்றும் செய்யாமல் அடித்தேன். நீ கேட்டபடியே. என்ன வந்தது தெரியுமா? எட்டும் ஒரே மாதிரி வந்தது. ஒரே மண்ணிறம், ஒரே மலை. ஏனென்றால் மெசினுக்குக் கண் இல்லை. சிவப்புக் கூடின படம் வந்தால் எங்கேயோ பிழை என்று நினைத்துச் சிவப்பைக் குறைக்கும். நீலம் கூடினால் நீலத்தைக் குறைக்கும். ஒன்றும் செய்யாமல் விடு என்று நீ சொல்வது, மெசின் தன் இஸ்டத்துக்குச் செய்யட்டும் என்று சொல்வதுதான். ஆராவது ஒருவர் கை வைக்கத்தான் வேண்டும். மொத்தம் நாலு பொத்தான், மூன்று நிறத்துக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு. எனக்குத் தெரிந்த ஒரு பொருள் படத்தில் இருந்தால் அதைப் பார்த்துச் சரிபண்ணலாம். ஒரு வாழைப்பழம், ஒரு பால் பெட்டி, ஏதாவது. மலையின் நிறம் எனக்கு எப்படித் தெரியும்? கௌரியின் நிறம்தான் எனக்கு எப்படித் தெரியும்? நான் இரண்டையும் கண்டேனா?

பெரிய ஆள் மாதிரி எழுதுகிறாயே, இந்த லாப்பில் என்ன நடக்கிறது என்று கேள். எங்கள் செயின்ட்-மிஷேல் பகுதியில் எந்தத் தமிழ்க் கலியாணம், எந்தச் சாமத்தியச் சடங்கு என்றாலும் ரோல் என்னிடம்தான் வரும். வருகிற ஒவ்வொரு தாயும் கவுண்டரில் குனிந்து, பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரருக்கு விளங்கிவிடும் என்பது போல மெதுவாகச் சொல்வாள். "கொஞ்சம் வெளிச்சமா அடிச்சுத் தாங்கோ, பிள்ளை." ஒவ்வொன்றுக்கும் பொத்தான் அமத்தி விரல் தேய்ந்துவிடும் என்று, அந்த அளவை மெசினில் ஐந்தாம் சனல் என்கிற தனி இடத்தில் பதிந்து வைத்திருக்கிறேன். வின்சன்ட் அதன்மேல் ஒரு ஒட்டுத்தாளில் 'கலியாணம்' என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருக்கிறான். அவன் அதை ஒரு சமயச் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் திருத்தவில்லை.

ஒரு முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினது கொலைக்குற்றமா? அப்பா ஓம் என்று சொல்லிவிட்டார், வசி. எழுபத்திரண்டு வயது மனிசன், பிடித்தால் பிடித்ததுதான். இப்போது போய் அது பிழையான படம் என்றால், பொய் சொன்னதற்கு என்னையும் விடமாட்டார், உன்னையும் விடமாட்டார். கலியாணம் முடிந்து கோயிலில் தாலி ஏறின பிறகு அவர் எதைப் பார்த்தால்தான் என்ன? அதுவரை பேசாமல் இரு.

நான் சொல்லமாட்டேன். இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

அக்கா

*

யுலாரா
18 ஜனவரி 2004

அக்கா,

நேற்று மழை பெய்தது. இங்கே மழை பெய்தால் சமையல்காரன் முதல் முகாமையாளர் வரைக்கும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். மத்தியானம் என் முறை முடிந்ததும் கௌரி தன்னுடைய பஸ்ஸில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

சிவப்பு மலை என்று பெயர் எடுத்த அந்த மலையில் துளி சிவப்பு இல்லை. ஈயப் பாத்திரம் கழுவி வைத்த மாதிரி வெள்ளிச் சாம்பல். இடையில் கரிக்கோடு போலக் கறுப்பு. எங்கே எங்கேயோ இருந்து தண்ணீர் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த ஒரு மனுசி படமெடுக்காமல் கமராவைப் பையில் வைத்துவிட்டு, நாளைக்குச் சரியாகிவிடுமா என்று கேட்டாள். இப்போதும் சரியாகத்தான் இருக்கிறது என்று கௌரி சொன்னாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள்.

திரும்பி வருகிற வழியில் இன்னொன்றும் சொன்னாள். அந்தச் சிவப்பு கல்லின் சொந்த நிறம் இல்லையாம். கல்லுக்குள் இரும்பு இருக்கிறதாம், மேலே காற்றுப்பட்டுக் கறள் பிடித்துத்தான் சிவப்பாம். உள்ளே உடைத்துப் பார்த்தால் சாம்பல். இத்தனை சனம் விமானம் ஏறி வந்து கறளைப் பார்த்துவிட்டுப் போகிறது.

இப்போது முக்கியமான விசயம். கௌரி வரமாட்டாளாம். கோபத்தில் சொல்லவில்லை, பஸ்ஸைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அந்த வீட்டில ஏற்கெனவே ஒருத்தி ரீவிக்கு மேல இருக்கிறாள். நான் போய் எங்க இருக்கிறது?" இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். டிக்கெட்டை நான் இன்னும் எடுக்கவில்லை. அவள் வராவிட்டால் நானும் வரமாட்டேன். இங்கேயே பதிவு செய்துகொண்டு இருந்துவிடுவோம். அப்பாவை இனி நான் காணாமலே போகலாம். அதுவும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன், ஏசாதேயுங்கோ. எண்பத்தொன்பதாம் ஆண்டு உங்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் டவுனில் அந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனது நான். எனக்குப் பதினாறு வயது. மேசையில் குனிந்து, பென்சிலைக் கூர்தீட்டி, உங்கள் நெகட்டிவில் அந்த மனிசன் கோடு கோடாகக் கீறினது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "பயப்பிடாதேங்கோ தங்கச்சி, நான் வடிவாக்கி விடுறன்" என்றான். நீங்கள் அழுதீர்கள். அழுததை வீட்டில் சொல்லாதே என்று எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தீர்கள். அந்தப் படம்தான் அத்தானுக்குப் போனது. பிறகு மொன்றியல் விமான நிலையத்தில் என்ன நடந்தது? பதினாலு வருசமாக ஒருவருக்கும் நீங்கள் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த நீங்களா இதைச் செய்தீர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வசி

*

மொன்றியல்
8 பெப்ரவரி 2004

வசி,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். ஒரே ஒரு தடவைதான் சொல்வேன், பிறகு இதைப் பற்றி நீயும் கதைக்கக்கூடாது.

தொண்ணூறாம் ஆண்டு பெப்ரவரி, மிராபெல் விமான நிலையம். நான் கதவால் வெளியே வந்து சாமான் வண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தானை எனக்கு உடனே தெரிந்தது. படத்தில் இருந்த மாதிரியே, அதே மீசை. அவருடைய கையில் என் படம். படத்தைப் பார்ப்பார், வருகிற ஆட்களைப் பார்ப்பார். என்னைத் தாண்டிப் போனார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் என்னைத் தாண்டி வந்தார். நான் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? நான்தான் என்று சொன்னால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டு நின்றேன். விமானத்தில் வந்த எல்லோரும் போய் முடிந்து, மிஞ்சினது நான் மட்டும் என்ற பிறகுதான் கிட்ட வந்தார். "சிவாஜினியோ?" என்றார். ஓம் என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, "படத்தில வேற மாதிரி இருந்தீர்" என்றார். அவ்வளவுதான். கிருஷ்ணகுமார் கெட்ட மனிசன் இல்லை. இன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்கு லீவு போடுகிறவர். ஆனால் அந்த முதல் வருசம் முழுக்க, அவருக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை, அவளுடைய இடத்தில் நான் இருக்கிறேன் என்றுதான் வாழ்ந்தேன். கௌரி சொன்ன அதே வசனம். அதை வாசித்தபோது கடிதத்தை மடித்துக் கோட் பைக்குள் வைத்துவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை.

எல்லாம் தெரிந்த நீங்களா என்று கேட்கிறாய். நீ அரைவாசிதான் தெரிந்தவன். நீ சைக்கிளில் கூட்டிப்போனது எட்டாவது படத்துக்கு. அதற்கு முதல் ஏழு பேருக்கு என் உண்மையான படம் போனது. ஒருவன்கூடப் பதில் போடவில்லை. படத்தைத் திருப்பி அனுப்பக்கூட இல்லை. பொய்ப்படம் போன ஆள் விமான நிலையத்துக்காவது வந்தார். இதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு, வசி. கௌரி ஒரு பதிலும் வராத பக்கத்தில் நிற்கக்கூடாது என்று நினைத்தேன். அவள் வந்து இறங்கட்டும், பிறகு எப்படியும் சமாளிப்பாள், நான் சமாளிக்கவில்லையா என்று நினைத்தேன். சமாளித்தது எவ்வளவு கஷ்டம் என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு எல்லார் மேலும் கோபம் வருகிறது. அந்தப் பென்சில்காரன் மேல், அப்பா மேல், கவுண்டரில் குனிகிற தாய்மார் மேல், உன்மேல். உன்மேல் ஏன் என்று கேட்காதே.

இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பா தினமும் காலையில் அந்தப் படத்துக்கு முன்னால் தேத்தண்ணி குடிக்கிறார்.

அக்கா

*

யுலாரா
2 மார்ச் 2004

அக்கா,

உங்கள் கடிதத்தை நான் கௌரிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்காமல் காட்டினதற்கு ஏசினாலும் பரவாயில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் விளங்கும். அந்த வண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னாள். முடிந்ததும் எழும்பிப் போனாள். வந்து, "கமராவை எடு" என்றாள்.

இதனுடன் மூன்றாவது ரோல். ஐந்து நாள் எடுத்தோம். திரும்பவும் எட்டுப் படம், அதே இடம். ஆனால் இந்தத் தரம் எல்லாப் படத்திலும் கௌரி முகத்துக்குப் பக்கத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உங்களுடைய கடித உறை. வெள்ளைத்தாள், ஓரத்தில் நீலமும் சிவப்பும். தெரிந்த பொருள் ஒன்று வேண்டும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். அதே உறை உங்கள் மேசையில் ஒரு கட்டு இருக்கும். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். மத்தியானப் படத்தில் உறை சரியாக வரும்வரை பொத்தானை அமத்துங்கள். பிறகு அந்த அளவைப் பூட்டிவிட்டு, மிச்சம் ஏழையும் அதே அளவில் அடியுங்கள். மலை என்னவாகிறதோ ஆகட்டும், அவளும் என்னவாகிறாளோ ஆகட்டும். இந்த யோசனை அவளுடையது. எனக்கு இவ்வளவு மூளை இல்லை.

மழைக்கு மட்டும் நாலு நாள் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் அரை மணித்தியாலம் பெய்தது.

கௌரி வருவாள். ஒரு நிபந்தனை. நாங்கள் விமானம் ஏற முதல் இந்த எட்டும் அப்பாவின் கண்ணில் படவேண்டும். அவர் ஓம் சொல்லவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. பார்த்திருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறாள். "ஆரும் என்னைத் தேடக்கூடாது" என்றாள். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஏப்ரல் 24 பின்னேரம், டோர்வால் விமான நிலையம். உங்களிடமிருந்து கடிதம் வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வசி

*

மொன்றியல்
6 ஏப்ரல் 2004

வசி, கௌரி,

வசி, இதை அவளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டு, ஒரு இடமும் விடாதே. பிந்திவிடக்கூடாது என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

சாப்பாட்டு இடைவேளையில் அடித்தேன். ஒரு கையில் உறை, மறு கை பொத்தானில். மத்தியானப் படத்தில் உறையின் வெள்ளை வெள்ளையாகவும், நீலம் நீலமாகவும் வர ஒன்பது தரம் அடிக்கவேண்டி இருந்தது. ஒன்பதாம் தாளில் உறை சரியாக வந்தபோது பக்கத்தில் கௌரியின் முகமும் வந்தது. அப்போதுதான் உன்னை நான் முதல் தரம் கண்டேன், கௌரி. வலது கன்னத்தில் ஒரு மரு இருக்கிறது. ஐந்தாம் சனல் அதைத் தின்றுவிட்டிருந்தது.

அளவைப் பூட்டிவிட்டு மிச்சம் ஏழையும் அடித்தேன். மெசினால் ஒவ்வொன்றாக விழுந்தது. சாம்பல், ரோசா, செம்மஞ்சள், தணல், ஊதா. மேகம் மூடினது ஒன்று, மங்கின மண்கட்டி மாதிரி. கடைசியில் மழை. எட்டும் ஒரே மலை என்று நம்ப ஏலாமல் இருந்தது. ஒவ்வொன்றிலும் மலையோடு சேர்ந்து நீயும் மாறிக்கொண்டு போகிறாய், உறையும் மாறுகிறது. தணல் படத்தில் உறையே சிவந்துபோயிருக்கிறது. வின்சன்ட் வந்து பார்த்துவிட்டு, நிறம் பிழைத்துப் போயிருக்கிறது, திரும்ப அடிக்கவேண்டாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

அன்று பின்னேரம் எட்டையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்தார். முதலில் இருந்து கடைசிவரை பார்த்தார், திரும்பக் கடைசியில் இருந்து முதல்வரை பார்த்தார்.

"இதில எது அந்தப் பிள்ளை?"

"எல்லாம் அந்தப் பிள்ளைதான் அப்பா."

"அப்ப ரீவிக்கு மேல இருக்கிறது ஆர்?"

"அது நான் செய்த ஆள். அப்பிடி ஒருத்தி இல்லை."

அவர் நிமிரவில்லை. உன்னுடைய சீதனத்துக்கு அலைந்ததைவிட உன்னுடைய படத்துக்குத்தான் கூட அலைந்தேன் என்று எனக்குச் சொன்னார். என் கலியாணத்தைச் சொன்னார், வசி. அந்தப் பென்சில்காரனிடம் போகச் சொன்னது தான்தான் என்று வாயால் ஒத்துக்கொண்டார். அதோடு மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை. "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இனி என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?" என்று கேட்டுவிட்டு மேலே போனார். நாலு நாளாக என்னோடு கதைக்கவில்லை. விமான நிலையத்துக்கு வரமாட்டாராம், என் மகள் ரக்ஷனாவிடம் சொல்லி அனுப்பினார். கோயிலுக்கு வருவாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று இனி எழுதமாட்டேன். ஆனால் முந்தாநாள் காலையில் பார்த்தேன், ரீவிக்கு மேலே இருந்த சட்டத்துக்குள் படம் இல்லை. வேறு படமும் இல்லை. வெறும் சட்டம் நிற்கிறது. அவர் அதற்கு முன்னால்தான் தேத்தண்ணி குடிக்கிறார்.

ரக்ஷனாவைப் பற்றியும் எழுதவேண்டும். ஒன்பது வயது, என்னுடைய நிறம். எட்டுப் படத்தையும் பார்த்துவிட்டு, மத்தியானப் படத்தை எடுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். "இவ என்ட நிறம்" என்றாள். பிறகு சுவரில் இருக்கிற தன்னுடைய பிறந்தநாள் படங்களைப் பார்த்தாள். "என்ட படத்தில மட்டும் நான் ஏன் இப்பிடி இல்லை?" அவளுடைய ஒரு வயதில் இருந்து எல்லாப் படத்தையும் அடித்தது நான்தான். எல்லாம் ஐந்தாம் சனல். என்னை ஒருவரும் கேட்கவில்லை, கவுண்டரில் ஒருவரும் குனியவில்லை, நானே செய்தேன். பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? சப்பாத்துப் பெட்டியில் கிடந்த நெகட்டிவ் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு அடிக்கவேண்டும், ஒன்பது வருசம்.

அத்தான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுக் காரில் போகும்போது திடீரென்று, "மிராபெல்லில உம்மைக் கண்டனான்" என்றார். "முதலே கண்டனான். நீர்தான் எண்டு எனக்குத் தெரிஞ்சது." சிவப்பு விளக்குப் பச்சையாகி, பின்னால் வந்தவன் ஹோர்ன் அடிக்கும்வரைக்கும் அப்படியே நின்றோம். பதினாலு வருசமாக அவர் என்னை அடையாளம் காணவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், வசி. இதை எந்தப் பக்கமாகப் பிடித்துப் பார்ப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்றைக்கு அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

24ஆம் திகதி நான் டோர்வாலுக்கு வருவேன். அத்தானை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கையில் படம் கொண்டுவரமாட்டேன். வசி, நீ சாமான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஆறுதலாக வா. கௌரி, நீ முதல் வா. கதவால் வெளியே வந்து, எங்கே நிற்கிறாயோ அங்கேயே நில். கையைத் தூக்கவேண்டாம், என்னைத் தேடவும் வேண்டாம்.

நான் உன்னைத் தாண்டிப் போகமாட்டேன்.

அக்கா